கரிசல் ரோட்டுக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்த கதை

அரசிடம் ஆராய்ச்சி நிதி கேட்டு அனுப்பிய முன்மொழிவுக்கு 2019-இல் எனக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் காரணமாக ஒரே வரிதான் இருந்தது: இந்த முன்மொழிவு எந்தக் களத்துக்கான பிரச்சினை என்பது தெளிவாக இல்லை. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியது. விரியும் மண்ணைச் சாம்பலால் நிலைப்படுத்துவது பற்றிப் பெரிய தலைப்பு, பக்கம் பக்கமாக முந்தைய ஆய்வுகள். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒருநாள் எடுத்துப் படித்தபோது அந்த வரி நியாயம் என்று புரிந்தது. நாற்பது பக்கத்தில் ஒரு ஊரின் பெயர்கூட இல்லை.

நெல்லையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் முறை நிதி கிடைத்தது, வேலையும் முடிந்தது. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் சீமையின் மண் ஒரே மாதிரி கிடையாது. நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் போனால் செம்மண். வடக்கே சங்கரன்கோவில் தாண்டி திருவேங்கடம், குருவிகுளம் என்று போகப்போகக் கரிசல். பருத்திக்கும் உளுந்துக்கும் தாய் மாதிரி இருக்கிற அந்த மண், ரோட்டுக்கு மட்டும் ஒத்துவராது. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அடிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிற சி.பி.ஆர். சோதனை செய்தால் இரண்டு, மூன்று சதவீதம் வந்தாலே பெரிது. மேலே போட்ட தார் நன்றாக இருந்தும் ஓரத்தில் நீளவாக்கில் விரிசல் விழுவது இதனால்தான்.

மறுப்பு வந்த அடுத்த மாதம் மாணவர்களோடு திருவேங்கடம் பக்கம் ஒரு ரோட்டில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தோம். சாலைப் பணியாளர் ஒருவர், ஓய்வு பெறும் வயது, குழி தோண்ட உதவினார். "அண்ணாச்சி, இந்த இடம் மட்டும் ஏன் வருசா வருசம் போகுது?" என்று கேட்டேன். "மேல எத்தனை தார் போட்டாலும் என்ன சார், கீழ கிடக்கவன் புரண்டு படுக்காம்லா" என்றார். எந்தக் கிலோமீட்டரில் ஓடைத் தண்ணீர் ரோட்டோரம் தேங்குகிறது, எந்த வருடம் எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் சொன்னதைக் குறித்து வைத்த நோட்டில் இருந்துதான் என் இரண்டாவது முன்மொழிவு பிறந்தது.

சாலை ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் என்பது இந்த நாட்டில் புதிய விஷயம் இல்லை. சாலை வளர்ச்சிக்காக 1927-இல் அமைத்த ஜெயகர் குழு சொன்னதன் பேரில் பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு 1929-இல் மத்திய சாலை நிதியை உண்டாக்கினார்கள். அதில் 80 சதவீதம் மாகாணங்களுக்கு. மையத்தில் நிறுத்திக்கொண்ட 20 சதவீதத்தில் இருந்துதான் ரோட்டுப் பரிசோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் செலவு. 1934-இல் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசும், 1952-இல் டெல்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனமும் அதே குழுவின் யோசனையில் இருந்து வந்தவை. பம்பில் பெட்ரோல் போடுகிற ஆளின் காசில் ஒரு பங்கு ரோட்டை ஆராயப் போக வேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

சரி, முன்மொழிவுக்கு வருகிறேன். இந்த முறை கேள்வியைச் சுருக்கினேன். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் தாழையூத்துப் பக்கம் கிடைக்கிற சுண்ணாம்பையும் கலந்தால், இந்த ரோட்டின் அடிமண் ஒரு பருவமழையைத் தாங்குமா? அவ்வளவுதான்.

எழுதத் தொடங்கும் முன்பே நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனேன். இதைத்தான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். ரோடு போடுகிற செலவை ஆராய்ச்சி நிதியில் தரமாட்டார்கள். துறை எப்படியும் போடப்போகிற வேலையில் 100 மீட்டர் நமக்கு விட்டுக்கொடுத்தால்தான் களச் சோதனையே நடக்கும். அதற்கு ஒப்புதல் கடிதம் வேண்டும். ஐந்து முறை அலைந்தேன். உதவிப் பொறியாளர் இளம்பெண். அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், நாளைக்கு அந்த நூறு மீட்டர் உட்கார்ந்துட்டா யார் பதில் சொல்றது?" இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 89 கையேட்டை எடுத்துப் போய்க் காட்டினேன். சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்ட் கொண்டு மண்ணைப் பலப்படுத்த 2010-இலேயே வந்த வழிகாட்டி அது. அப்புறம்தான் கோப்பு நகர்ந்தது.

2021-இல் அனுப்பினேன். நிபுணர் குழுவின் முன் காணொளியில் பத்து நிமிடம் பேச வேண்டும். நெய்வேலிச் சாம்பல் இருக்கும்போது தூத்துக்குடி ஏன் என்றார் ஒருவர். நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி, அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், தானாகவே இறுகும். தூத்துக்குடிச் சாம்பல் அப்படி இல்லை, சுண்ணாம்பு சேர்த்தால்தான் பிடிக்கும். ஆனால் லாரி வாடகை சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பக்கத்தில் இருப்பதுதான் கட்டும் என்றேன். ஒப்புதல் கடிதத்தைத் திரையில் காட்டியதும் கேள்விகளின் தொனி மாறியது. அந்த ஒரு பக்கத்துக்காக அலைந்த ஐந்து நடையும் அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

2022 நடுவில் அனுமதி ஆணை வந்தது. வேலையை விடக் கணக்குதான் கஷ்டம். கருவி வாங்குவதற்கான மூலதனத் தலைப்பில் வந்த பணத்தைப் பொதுச் செலவுக்கு எடுக்க முடியாது. அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி அப்போது 25,000 ரூபாய் வரைதான் விலைப்புள்ளி இல்லாமல் வாங்க முடிந்தது, அதற்கு மேல் 2,50,000 வரை மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு வழியாக. எனக்கு இடறியது ஒரு சின்ன இடத்தில். பாரம் ஏறும்போது ரோடு எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பெங்கெல்மன் பீம் என்கிற கருவி வைத்து அளக்க, பின் அச்சில் சரியாக 8,170 கிலோ ஏற்றிய லாரி வேண்டும். ஜல்லி ஏற்றி எடை மேடைக்குப் போய் வருவதற்கான வாடகையை எந்தத் தலைப்பிலும் நான் போட்டிருக்கவில்லை. தற்செயல் செலவில் இருந்து பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தோம். சாலை ஆய்வுக்கு எழுதுகிறவர்கள் லாரி வாடகையை மறக்காமல் எழுதுங்கள்.

ஆராய்ச்சி உதவியாளர் விஷயம் இன்னொன்று. மாதம் 31,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு அனுமதி வாங்கியிருந்தோம். 2023 ஜூனில் அரசு அதை 37,000 ஆக உயர்த்தியது, அதுவும் ஜனவரியில் இருந்து கணக்கிட்டு. அந்தப் பையனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பணம். ஆனால் எங்கள் அனுமதித் தொகை கூடவில்லை. திருத்திய ஆணைக்கு எழுதிக் கேட்டு, கிடைக்கும் வரை அவன் பழைய சம்பளத்திலேயே வெயிலில் நின்று மண் சலித்தான். நிலுவை கைக்கு வந்த அன்று அவனைவிட எனக்குத்தான் பாரம் இறங்கியது.

2023 கோடையில் 100 மீட்டர் போட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த 100 மீட்டர் வழக்கமான முறையில். அந்த டிசம்பர் 17, 18-இல் நடந்தது ஊருக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பகுதியெல்லாம் தண்ணீர். கல்லூரி லேபிலும் தண்ணீர் புகுந்து, கீழ்த்தட்டில் பதப்படுத்தி வைத்திருந்த மாதிரிகள் அத்தனையும் கரைந்தன. பாதை திறந்ததும் நானும் உதவியாளரும் முதலில் போனது அந்த ரோட்டுக்குத்தான். திருவேங்கடம் பக்கம் அந்த அளவு கொட்டவில்லை என்றாலும் ஓடை நிரம்பி ஓடியிருந்தது. வழக்கமான பகுதியின் ஓரத்தில் விரிசல். எங்கள் பகுதியில் இரண்டு பேரும் குனிந்தபடியே நடந்து பார்த்தோம், ஒன்றும் தென்படவில்லை. ஒரு மழையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று அறிக்கையில் எழுதினேன். ஆனாலும் அன்றைக்கு அங்கே நின்ற சந்தோஷம் பெரிது.

இரண்டாம் தவணை ஏழு மாதம் தாமதம். வந்த பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் 12-ஏ படிவத்தில் ஒரு கையொப்பம் விட்டுப்போனதாகத் திருப்பி அனுப்பினார்கள், சரிசெய்து அனுப்பினால் நிதியாண்டு மாறிவிட்டது, புதிதாக அனுப்பு என்றார்கள். அந்த இடைவெளியில் சுண்ணாம்புக் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தார். அதனால் மார்ச் மாதத்தை நம்பி இருக்காதீர்கள், பிப்ரவரி முதல் வாரத்திலேயே தணிக்கையாளரிடம் கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.

போன வருடம் கணக்கை முடித்து, திட்டப் பணத்துக்குச் சேர்ந்த வங்கி வட்டியை, அரசுக்குப் பணம் கட்டுகிற பாரத் கோஷ் இணையதளம் வழியாக அரசுக்குத் திருப்பிக் கட்டினோம். திட்டம் முடிந்தாலும் ஒவ்வொரு மார்கழியும் அந்த 200 மீட்டரை அளக்கிறோம். உதவிப் பொறியாளர் மாறுதலாகிப் போய்விட்டார். போகும் முன், புதிதாக வந்தவரை ரோட்டுக்கே அழைத்து வந்து எங்கள் பகுதி தொடங்கும் கல்லைக் காட்டிக் கொடுத்தார்.