பெரியம்மாவின் இரண்டாவது குத்துவிளக்கு

திராய்மடு மாமி சும்மா வந்தால் கையில் தயிர்ச் சட்டி இருக்கும். சொப்பிங் பையோடு வந்தால் வழக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் இருந்து இறங்கியது சொப்பிங் பையோடு.

உள்ளே மூன்று சீடி. மச்சாளின் கலியாண வீடியோ, 2003, சமாதான காலம். செங்கலடியில் குடிபுகுதலுக்குப் போன இடத்தில் சித்தப்பாவின் அலுமாரிக்குள் கிடந்ததாம். சாப்பிடக்கூட இல்லாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இதத் தெறந்து தா மனே. ஒங்கட பெரியம்மா கொண்டு வந்தது ஒரு குத்துவிளக்கா ரெண்டா எண்டு ஊரறியட்டும்."

மச்சாளின் கலியாணத்துக்குப் பெரியம்மா கொண்டு வந்தது ஒன்றா இரண்டா என்ற அந்தக் குத்துவிளக்கு வழக்கை இங்கே விரிக்கப்போவதில்லை. இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் கடைசிப் பந்தியில் அது வந்துவிடும். அந்த விளக்கு இருந்த வீட்டையே கடல் கொண்டுபோன பிறகும் வழக்கு மட்டும் நனையவில்லை.

சீடி போடுவதற்கு மடிக்கணினியில் ஓட்டை இல்லை. தாண்டவன்வெளிக்குப் போய் ஒரு டிரைவ் இரவல் வாங்கி வர பத்தரை மணி. செருகினால் உள்ளே எம்பெக்ஏவி என்று ஒரு கோப்புறை, அதற்குள் ஏவிசெக்01, பிறகு புள்ளி, பிறகு டிஏடி. அழுத்தினேன். எந்த மென்பொருளில் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் என்னையே கேட்டது.

"அது ஏன் ஒன்னட்டக் கேக்குது? அதுக்குத் தெரியாதா?"

நியாயமான கேள்வி. இதே சீடியை முதல் நாள் டவுனில் ஒரு கடைப் பொடியன் போட்டுப் பார்த்துவிட்டு, "பைல் பழுது, சரிபண்ண 3500" என்றானாம். பழுது ஒன்றும் இல்லை, அவனுக்கு விளங்கவில்லை.

"மாமி, புதுப் பொடியன் ஆராவது வீட்டுக்கு வந்தா முதல்ல என்ன கேப்பீங்க?"

"எந்தக் குடி எண்டுதான்."

மட்டக்களப்பில் குடி என்றால் தாய்வழி வரும் வம்சம். கொம்பியூட்டரும் அதைத்தான் பார்க்கிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து நிற்கிற மூன்று நான்கு எழுத்துத்தான் அதன் குடி. ஜேபிஜி என்றால் படம், எம்பி3 என்றால் பாட்டு. அதைப் பார்த்துத்தான் எந்த மென்பொருளின் வாசலுக்கு அனுப்புவது என்று விண்டோஸ் தீர்மானிக்கிறது. டிஏடி என்பது டேட்டா என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். எவரும் எதற்கும் வைக்கலாம். அவுட்லுக்கில் இருந்து வரும் மின்னஞ்சலோடு சிலநேரம் ஒட்டிக்கொண்டு வருகிற வின்மெயில் என்ற கோப்புக்கும் அதே வால்தான். குடி கேட்டால் "ஊர் மட்டக்களப்பு" என்று மட்டும் சொல்கிற மாப்பிள்ளை.

"அப்ப குடிய மாத்தி எழுதிவிடன்."

எங்கள் தம்பியும் அதைத்தான் செய்தான். வேர்ட் கோப்பின் வாலை வெட்டி பிடிஎஃப் என்று எழுதி வேலைக்கு அனுப்பினான். ஏன் கூப்பிடவில்லை என்று இன்னும் யோசிக்கிறான். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. சந்தேகம் என்றால் நோட்பேடில் திறந்து தலைமாட்டைப் பார்க்க வேண்டும். உண்மையான பிடிஎஃப் என்றால் நூற்றுவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்தும் முதலில் நிற்கும். புது வேர்ட் கோப்பு என்றால் பிகே. அது உள்ளுக்குள் ஒரு சிப் (zip) பொதி, பல கோப்புகளை நெருக்கிக் கட்டிய மூட்டை. சிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. மாமியின் கோப்பில் ஆர்ஐஎஃப்எஃப், கொஞ்சம் தள்ளி சிடிஎக்ஸ்ஏ. அதாவது வீடியோ சீடி. உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற வீடியோ வகை என்பதால் வாலை எம்பிஜி என்று மாற்றினால்கூட அநேகமாக ஓடும். இந்தக் குடிமாற்றம் பொய் இல்லை.

நான் மினக்கெடவில்லை. வீஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போட்டேன். பாரிஸில் மாணவர்கள் 1996 இல் தொடங்கிய வேலை, இலவசம், வால் என்ன சொன்னாலும் உள்ளே பார்த்துவிட்டு ஓட்டும். அதன் செம்மஞ்சள் கூம்பைக் கண்டதும், "றோட்டு வேலைக்கு வைக்கிறதெல்லாம் இஞ்ச என்னத்துக்கு?" என்றார் மாமி.

ஓடியது. 352க்கு 288 புள்ளி, முகமெல்லாம் கட்டம் கட்டமாக. ஒரு சீடியில் 74, மிஞ்சினால் 80 நிமிடம்தான் பிடிக்கும், அதில் பாதி ஸ்டூடியோக்காரனின் கைவண்ணம். தாமரைக்குள் மாப்பிள்ளை, சோடாப் போத்தலுக்குள் பொம்பிளை. இரண்டாவது சீடியில் கடைசியாகப் பெரியம்மா படலைக்குள் நுழைந்தார். இருவரும் மூச்சைப் பிடித்தோம். கை மேலே வந்தது. அதே நேரம் திரை நடுவே ஒரு ரோசாப்பூ விரிந்தது. பூ சுருங்கியபோது பெரியம்மா வெற்றிலைத் தட்டோடு பாயில் இருக்கிறார்.

நாலு தரம் திருப்பிப் போட்டேன். நாலு தரமும் பூ விரிந்தது.

"அவன் காசு வாங்கியிருக்கான் மனே."

ஐந்தாம் தரம் பூ வருவதற்கு முன்னமே, "நிப்பாட்டு" என்றார். பெரியம்மாவை அவர் பார்க்கவில்லை. பின்னால் நாவலடி வீட்டுக் கிணற்றுக்கட்டு, முருங்கை, சேட் போடாமல் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு மாமா.

"அண்டைக்குத்தான் சுண்ணாம்பு அடிச்சது. எவ்வளவு வெள்ளை பாரு."

2004 மார்கழிக்குப் பிறகு அந்த வீட்டின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் எம்பி4 ஆக மாற்றி மாமியின் போனில் போட்டுவிட்டேன். விளக்கைப் பற்றிப் பேசாமலே ஆட்டோ ஏறினார்.

இரவு எட்டு மணிக்குப் பெரியம்மாவின் அழைப்பு.

"மனே, ஒண்ட மாமி வீடியோ அனுப்பியிருக்கா. கிணத்தடியப் பாக்கச் சொல்லி. பாத்தன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எண்ட கையில ரெண்டு விளக்கும் வடிவாத் தெரியுதே, நீ கண்டியா?"

திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரோசாப்பூத்தான் தெரிந்தது.