நெல் களஞ்சியக் கணக்கில் ‘டேட்டாபேஸ் இஸ் லொக்ட்’

பரந்தனில் சித்தப்பாவின் நெல் களஞ்சியத்துக்கு எஸ்கியூலைட் (ஒரே பைலில் பதிவுகளை வைத்திருக்கும் சிறிய டேட்டாபேஸ்) வைத்து எழுதிவரும் கணக்குப் புரோகிராமில், தராசு ஒரு மூடையின் நிறையை அனுப்பும் நேரத்தில் காசு கொடுக்கும் பக்கத்தில் சேவ் அழுத்தினால் சிலவேளை ‘டேட்டாபேஸ் இஸ் லொக்ட்’ , அதாவது டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்று வந்து நின்றுவிடும். சிறுபோக அறுவடை தொடங்கினால் வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும், அதற்குமுன் இதைத் தீர்த்தாக வேண்டும்.

துப்பு எங்கே கிடைத்ததென்றால், பூட்டு விடுபடும்வரை காத்திருக்கும் நேரமான பிஸி டைம்அவுட்டை 5 செக்கன் என்று கொடுத்திருந்தும் பிழை ஒரு கணம்கூடக் காத்திராமல் உடனே வந்தது. அப்படியானால் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. இரண்டு டெர்மினல் திறந்து கையாலேயே செய்து பார்த்தேன். ஒன்றில் பிகின் (ஒரு தொகுதி வேலையைத் தொடங்கும் கட்டளை) போட்டு ஒரு கமக்காரரின் மீதியை செலக்ட் செய்து வாசித்தேன், மற்றதில் ஒரு நிறையை இன்சேர்ட் செய்து சேர்த்து, கமிட் பண்ணி உறுதிப்படுத்தினேன், அப்புறம் முதலாவதில் அந்த மீதியை மாற்ற அப்டேட். உடனே அதே பிழை! விரிவான கோட் 517, அதாவது பிஸி ஸ்னப்ஷொட்.

வெறும் பிகின் எந்தப் பூட்டையும் எடுப்பதில்லை. முதல் செலக்ட் ஓடும்போது அந்த நேரத்து டேட்டாபேஸின் நிலைதான் நம் கையில் வரும். அதற்குப் பிறகு வேறொருவர் எழுதிவிட்டால் நாம் வைத்திருப்பது பழைய மீதி, அதன்மேல் எழுத எஸ்கியூலைட் விடாது. எவ்வளவு காத்திருந்தாலும் பழையது புதியதாகாது என்பதால்தான் டைம்அவுட்டைத் தொடாமலே திருப்பி அனுப்புகிறது. கமக்காரரின் காசு விஷயத்தில் இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

காசு கொடுக்கும் இடத்தில் பிகின் இமீடியட் என்று மாற்றினேன். எழுதும் பூட்டைத் தொடக்கத்திலேயே கேட்பதால், தராசு எழுதிக்கொண்டிருந்தால் டைம்அவுட்டின்படி காத்திருந்து, பிறகு புதிய மீதியை வாசிக்கிறது. பற்றுச்சீட்டு அச்சடிப்பதைக் கமிட்டுக்குப் பின்னால் தள்ளினேன், பிரின்டர் ஓடி முடியும்வரை பூட்டைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, புதிய பதிவுகள் டிபி பைலுக்குப் போகுமுன் முதலில் எழுதப்படும் வால் (WAL) பைல் பெருத்துக்கொண்டே போனது. பட்டியல் ஜன்னலில் ஒரு செலக்ட் முடிக்கப்படாமல் திறந்தே கிடந்ததால், அந்தப் பதிவுகளை டிபி பைலுக்கு மாற்றும் செக்பொயின்ட் முழுதாக நடக்கவில்லை. அந்த செலக்ட்டை முடித்துவிடும் ரீசெட் சேர்த்ததும் சரி.

அடுத்து பென்டிரைவ் பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும்போது டிபி பைலை மட்டும் கொப்பி பண்ணினால் வால் பைலில் இருக்கும் கடைசிப் பதிவுகள் விடுபட்டுப்போகும், அதனால் முழு டேட்டாபேஸையும் புதிய பைலாக எழுதித்தரும் வக்யூம் இன்டு கட்டளையை வைத்து எழுதப்போகிறேன்.