பெயர் ஒன்று, ஹெட்போன் வேறு: பழைய ஓப்பன் பேக் வாங்கும் முன் பதிப்பைக் கண்டறிதல்

பழைய ஓப்பன் பேக் ஹெட்போன்களுக்காக, அதாவது காதுக் கிண்ணத்தின் பின்புறம் மூடாமல் திறந்திருக்கும் வகைக்காக, விளம்பரங்களைத் துழாவத் தொடங்கியதிலிருந்து, எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் முதலில் அதன் தேதியைத்தான் பார்க்கிறேன். பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே பெயரில் விற்கும் பொருள் இது. அந்த இடைவெளியில் சவ்வு மெலிந்திருக்கலாம், காந்தத்தின் வடிவம் மாறியிருக்கலாம், காதுமெத்தையின் நுரை மாறியிருக்கலாம். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் மட்டும் அப்படியே இருக்கும். பழைய கட்டுரையின் புகழுரையையும் புதிய தயாரிப்பையும் ஒன்றாக நினைத்துப் பணம் கொடுப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அதனால் வாங்குமுன் எது எந்தக் காலத்துப் பொருள் என்று கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினேன். இதுவரை கைகூடியவற்றை எழுதி வைக்கிறேன்.

தொடங்குவதற்கு நல்ல பாடம் ஆடிஸி எல்சிடி-2. 2011இல் மெல்லிய சவ்வுடன் இரண்டாம் பதிப்பு வந்தது. 2014இல் ஃபேஸர் என்ற உறுப்பைச் சேர்த்தார்கள். காந்தப் பட்டைகளைத் தாண்டிவரும் ஒலியலை சிதறாமல் காதை நோக்கிச் செல்ல வழிகாட்டும் துண்டுகள் அவை. 2017இல் ஃபேஸர் இல்லாமலே எல்சிடி-2 கிளாசிக் என்று இன்னொன்று வந்தது. இவற்றை நிறுவனம் மறைக்கவில்லை. ஆனால் கைமாறிக் கைமாறி விளம்பரத்துக்கு வரும்போது "எல்சிடி-2, நல்ல நிலை" என்ற ஒற்றை வரிதான் மிஞ்சுகிறது. விற்பவருக்கே தன்னிடம் இருப்பது எது என்று தெரியாமல் இருப்பது சகஜம். காது வைக்கும் பக்கத்தில் டார்ச் அடித்து ஒரு படம் அனுப்பச் சொன்னால் போதும். ஃபேஸர் இருந்தால் துணிக்குப் பின்னால் காந்தங்களின் மேல் விளிம்பு வளைந்த பட்டைகள் தெரியும்.

ஹைஃபைமேன் ஹெட்போன்களில் முதல் அடையாளம் கேபிள் செருகும் இடம். எச்இ-400i மாடல் முதலில் திருகிப் பூட்டும் எஸ்எம்சி இணைப்புடன் வந்தது. பிறகு 2.5 மில்லிமீட்டர் செருகி, 2020 பதிப்பில் 3.5 மில்லிமீட்டர். செருகியின் படம் கிடைத்தால் காலம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஆர்யா மாடலில் 2021இல் ஸ்டெல்த் காந்தங்கள், அதாவது ஒலியலையைக் குலைக்காமல் வழிவிடும் வடிவம் கொண்டவை, வந்தன. பெட்டி கூடவே இருந்தால் அதில் எழுதியிருக்கும். பெட்டி இல்லையென்றால் தொடர் எண்ணையும் வாங்கிய ரசீதையும் கேட்க வேண்டும். ஏகேஜி கே701, கே702 இரண்டுக்கும் தலைப்பட்டைதான் சாட்சி. பழையவற்றில் உச்சந்தலையில் அழுத்தும் புடைப்புகள் வரிசையாக இருக்கும், பின்னால் வந்தவை வழவழப்பானவை. "ஆஸ்திரியாவில் தயாரிக்கப்பட்டது" என்ற எழுத்தையும் பார்க்கலாம். வியன்னாவில் இருந்த ஏகேஜி மையம் 2017இல் மூடப்பட்டதால், அந்த எழுத்து தானாகவே ஒரு காலக்கோட்டைப் போட்டுவிடுகிறது. ஆனால் அந்த எழுத்தையே தரச் சான்றாக எடுத்துக்கொண்டு கூடுதல் விலை கேட்பதை நான் ஏற்கவில்லை. அது காலத்தைச் சொல்லும், ஒலியைச் சொல்லாது.

நான் அதிக நேரம் செலவிட்டது சென்ஹைசர் எச்டி 650இல். 2003இல் வந்த மாடல் இது. வெளிப்புறக் கம்பிவலையை நகத்தால் மெல்ல நெம்பினால் கழன்றுவரும், கருவி எதுவும் தேவையில்லை. உள்ளே, ஒலியை எழுப்பும் பாகமான டிரைவரைச் சுற்றியுள்ள மெல்லிய வலையைக் கவனிக்க வேண்டும். ஆரம்பகாலத்தவற்றில் அது கறுப்பு, பிந்தையவற்றில் வெள்ளி நிறம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கறுப்பு வலை என்றால் ஒலி திரை போட்டது போல் மங்கல், வெள்ளி வலை என்றால் தெளிவு என்று ஆர்வலர்கள் நடுவே ஒரு பேச்சு நீண்ட காலமாக உண்டு.

அதைச் சரிபார்க்க ஒரு கறுப்பு வலையையும் ஒரு வெள்ளி வலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். கேட்டவுடன் வேறுபாடு தெரிந்தது. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி, பழையதில் கொஞ்சம் பருத்து, வலந்தலையின் சாப்பு மேல் படிந்தது. ஆனால் பழையதன் காதுமெத்தை பல ஆண்டு உழைப்பில் பாதி உயரத்துக்குத் தேய்ந்திருந்தது. இரண்டுக்கும் புதிய மெத்தைகளையே போட்டுக் கேட்டதும் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. முழுதாக மறையவில்லை. ஆனால் வலையின் நிறத்துக்காகப் பணம் சேர்த்துக் கொடுக்கும் அளவுக்கு மிச்சமில்லை என்றே சொல்வேன். மெத்தை தாழ்ந்தால் காது டிரைவரை நெருங்குகிறது, நடுவில் அடைபட்ட காற்றின் அளவு குறைகிறது, ஒலியின் நிறம் மாறுகிறது. பதிப்பு வேறுபாடு என்று பேசப்படுபவற்றில் எவ்வளவு பங்கு தேய்ந்த மெத்தையுடையது என்று பிரித்துப் பார்க்காமல் யாரும் முடிவுக்கு வரக்கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு: மெத்தையையே மாற்றி வெளியிட்டால் அதுவே ஒரு பதிப்பு மாற்றம். கே702இன் 65ஆம் ஆண்டு நினைவுப் பதிப்பு 2012இல் மெதுவாக எழும் நுரை மெத்தையுடன் வந்தபோது அடிப்பக்க ஒலி கூடியது. ஹைஃபைமேன் சுந்தராவிலும் 2020 வாக்கில் மெத்தை மாறியது. அதனால் 2018இல் வெளியான சுந்தராவின் ஒலி அளவீட்டு வரைபடத்தைப் பார்த்து, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அமைப்பவர், தன்னிடம் இருப்பது எந்த மெத்தை என்று முதலில் பார்க்க வேண்டும். இப்போது அளவீடு வெளியிடுவோர் சிலர் பதிப்பையும் பெயரோடு சேர்த்தே குறிக்கிறார்கள். மிக நல்ல வழக்கம், எல்லோரும் பின்பற்ற வேண்டும்.

மெத்தையின் தொந்தரவு இல்லாமல் டிரைவரை மட்டும் ஒப்பிட வழி உண்டா என்று தேடியபோது கிடைத்தது மின்மறுப்பு அளவீடு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அளப்பது. எச்டி 650க்குக் குறிப்பிட்ட மதிப்பு 300 ஓம். அது எல்லா அதிர்வெண்ணிலும் 300ஆக இருப்பதில்லை, சவ்வு ஒத்ததிரும் இடத்தில், 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், 500 ஓமை ஒட்டி ஏறி இறங்குகிறது. அந்த மேட்டின் இடமும் உயரமும் அகலமும் சவ்வின் விறைப்பையும் தணிப்பையும் காட்டிக்கொடுக்கின்றன. மெத்தையும் சற்றுப் பாதிக்கும், ஆனால் மைக்ரோஃபோன் அளவீட்டில் வரும் குழப்பத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

கருவிச் செலவும் அதிகமில்லை. ஒரு 100 ஓம் மின்தடை, ஒலிச் சமிக்ஞையைக் கணினிக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் மென்பொருள். மின்தடையை ஹெட்போனோடு தொடராக இணைத்து, அதன் இரு பக்க மின்னழுத்தத்தையும் மென்பொருளுக்குக் கொடுத்தால் கோடு வரைந்துவிடுகிறது. ஹெட்போனை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, மெத்தை மேசையைத் தொடாமல் வைக்க வேண்டும், இல்லையென்றால் மேடு நகரும். ஆடிஸி, ஹைஃபைமேன் போன்ற பிளேனர் வகைகளில், அதாவது கம்பிச்சுருளுக்குப் பதில் மின்தடம் பதித்த தட்டைச் சவ்வு அதிரும் வகைகளில், இது பயன்படாது. அவற்றின் மின்மறுப்பு கிட்டத்தட்ட நேர்கோடு.

இந்த அளவீட்டில் எனக்குப் பிடித்த பயன், இடது வலது ஒப்பீடு. எச்டி 580, 600, 650 மூன்றின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துபவை. பழுதானால் ஒரு பக்க டிரைவரை மட்டும் மாற்றிவிட்டு விற்பவர்கள் உண்டு. எச்டி 580இன் பிளாஸ்டிக் வலையைக் கழற்றிவிட்டு எச்டி 600இன் உலோக வலையை மாட்டியவையும் சந்தையில் உண்டு. இரு பக்கக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், வெவ்வேறு காலத்து டிரைவர்கள் ஜோடி சேர்ந்திருப்பது தெரிந்துவிட வாய்ப்பு அதிகம். நேரில் போய் வாங்க முடிந்தால் மடிக்கணினியோடு போகலாம். முடியாவிட்டால் இரு பக்க வலைகளையும் கழற்றி ஒரே படத்தில் எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி என்றால் மேலே பேச வேண்டியதில்லை.

மைக்ரோஃபோன் வரைபடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரே ஹெட்போனை எடுத்துவிட்டு மறுபடி வைத்து அளந்தாலே 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோடு கணிசமாக ஆடுகிறது. ஆகவே இரண்டு பேர் வரைந்த இரண்டு கோடுகள் அந்தப் பகுதியில் பிரிந்துபோவதை வைத்து "நிறுவனம் கமுக்கமாக மாற்றிவிட்டது" என்று சொல்வதற்கு இல்லை. ஒரே கருவியில், ஒரே கையால், புதிய மெத்தையோடு பல முறை வைத்து எடுத்த சராசரி வேண்டும். அதோடு உடலில் கண்ணால் காணத்தக்க மாற்றம் ஒன்றாவது வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பதிப்பு மாற்றம் என்று என் குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

விற்பவரிடம் இப்போது நான் கேட்பது: தொடர் எண், தயாரிப்பு நாட்டின் பெயர், கேபிள் செருகும் துளை, கழற்ற முடிந்த வகையென்றால் மெத்தையை எடுத்துவிட்டு டிரைவர் முகம், வெளிவலைக்குப் பின்புறம், தலைப்பட்டையின் அடிப்பக்கம், மெத்தை எப்போது மாற்றப்பட்டது என்ற ஒரு வரி. மரியாதையாகக் காரணத்தையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள், சிலர் தாங்களும் முதன்முறையாக உள்ளே பார்த்ததாக எழுதுகிறார்கள். அனுப்ப மறுப்பவரிடம் நான் விலை பேசுவதில்லை.

அடுத்து சுந்தராவின் பழைய மெத்தை ஒரு ஜோடியையும் புதிய மெத்தை ஒரு ஜோடியையும் ஒரே ஹெட்போனில் மாற்றி மாற்றிப் போட்டு அளக்க வேண்டும். புதியது கையில் இருக்கிறது. தேயாத பழைய மெத்தைதான் கிடைப்பது அரிதாக இருக்கிறது.