ஓடாத மோட்டார் ஹோமும் அதன் பின் பிரேக்கும்

படுக்கை, சமையலறை வசதிகளோடு வீடு போல அமைந்த வண்டியான மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்களில் பலர் பராமரிப்பை ஓடிய கிலோமீட்டரை வைத்தே தீர்மானிக்கிறார்கள். பின் பிரேக்கைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தவறானது என்பதே என் உறுதியான கருத்து. ஆண்டில் ஓரிரு பயணங்களுக்கு மட்டும் வெளியே வந்து, மற்ற மாதங்களில் நின்றே கிடக்கும் வண்டியில் பிரேக் தேய்வதில்லை, துருப்பிடித்து இறுகுகிறது. ஆகவே அதற்குக் காலண்டர்தான் அளவுகோல்.

பின் சக்கரங்களே ஏன் அதிகம் பாதிக்கப்படுகின்றன என்று கேட்கலாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், வேலையின் பெரும்பகுதியை முன் பிரேக்குகளே செய்துவிடுகின்றன. பின் டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டின்) மேல் படியும் துருவைச் சுரண்டி எடுக்கும் அளவுக்கு அங்கே அழுத்தம் விழுவதில்லை. போதாததற்கு, பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களிலேயே இயங்குகிறது. அதன் கேபிள் வண்டிக்கு அடியில் செல்வதால், உறையில் சிறு கிழிசல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்து துருப்பிடிக்கும்; லீவரை இறக்கிய பிறகும் கேபிள் முழுமையாகத் திரும்பி வராது.

டிரம் பிரேக் உள்ள வண்டியை ஈரத்தோடு நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டால், சில வாரங்களில் ஷூவின் லைனிங் (பிரேக் கட்டையின் உராயும் பூச்சு) சக்கரத்தோடு சுழலும் உருளையான டிரம்மோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது எஞ்சினின் முழு பலத்தையும் கொடுத்து வண்டியை இழுப்பது ஆபத்தானது. லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து உள்ளே சிக்கிவிடும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பதும், விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் பதமாகத் தட்டுவதுமே சரியான வழி. டிஸ்க் பிரேக்கில், டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வியான காலிப்பர் நகர்வதற்கான பின்களும் (சிறு கம்பிகளும்) பிஸ்டனும் இறுகுகின்றன. அந்தக் கம்பிகளுக்குச் சாதாரண கிரீஸ் பூசவே கூடாது. அது ரப்பர் உறைகளை உப்பச் செய்யும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் இறுக்கமாகச் சுற்றுகிறது என்றால், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பின், முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் விட்டால் குறை கேபிளிலோ அது இழுக்கும் லீவரிலோ இருக்கிறது. விடாவிட்டால் அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகை) சற்றுத் திறக்க வேண்டும். உடனே சக்கரம் தளர்ந்தால், திரும்ப முடியாமல் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். ஆயில் செல்லும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி வழியை அடைத்திருப்பது இதற்கு வழக்கமான காரணம். அப்போதும் இறுக்கம் குறையாவிட்டால் காலிப்பரையோ ஷூக்களையோ கழற்றித்தான் ஆகவேண்டும். நிப்பிளைத் திறந்த பிறகு முறைப்படி ஏர் எடுக்காமல், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாமல், வண்டியைச் சாலையில் இறக்கக்கூடாது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயில்தான். டாட் 3, டாட் 4 என்ற தரக் குறியீடுள்ள ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையவை. வண்டி ஓடினாலும் நின்றாலும் அது நடந்துகொண்டே இருக்கும். டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஏறத்தாழ 3.7 சதவீத ஈரம் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். 3,500 கிலோ எடையுள்ள வண்டி, ஒரு பின் பிரேக் உரசியபடியே நீண்ட மலை இறக்கத்தில் இறங்கும்போது, அந்த ஆயில் கொதித்து ஆவியாகலாம். அழுத்தினால் ஆவி ஒடுங்கிவிடும் என்பதால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

நிறுத்தி வைக்கும் முறையும் முக்கியம். சமதரையாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வைக்கலாம். வண்டியைக் கழுவினால், சற்று ஓட்டி, பிரேக்கைப் பலமுறை அழுத்தி உலர்த்திய பிறகே நிறுத்த வேண்டும். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிடுவது பிரேக்குக்கு எந்த உதவியும் செய்யாது. மாதம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டி, பின்னால் வண்டி வராத இடத்தில் சில முறை அழுத்தமாகப் பிரேக் பிடிப்பதே பயன் தரும். திரும்பி வந்ததும் இரு பின் சக்கரங்களின் சூட்டையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாக அதிகம் சுட்டால், அடுத்த பயணத்துக்கு முன் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.