அணைத்தாலும் அணையாத திண்ணை லைட்

போன மாதம் ஊருக்குப் போனதும் அம்மா சொன்ன முதல் புகார், "திண்ணை லைட்டை அணைச்சாலும் அணைய மாட்டேங்குதுடா." நான் நம்பவில்லை. ராத்திரி போய்ப் பார்த்தால் உண்மைதான், சுவிட்ச் ஆஃப், ஆனால் 9 வாட் எல்.இ.டி. மின்மினிப்பூச்சி மாதிரி மங்கலாக மினுங்கிக்கொண்டிருக்கிறது. அக்கா மகள் அதற்குப் பேய் லைட் என்று பேரே வைத்துவிட்டாள்.

குண்டு பல்பு காலத்தில் இந்தக் கூத்து கிடையாது. 60 வாட் பல்பின் இழை சூடேறி ஒளிரக் கணிசமான மின்சாரம் வேண்டும், கசிந்து வரும் துளியெல்லாம் அதற்கு உறைக்காது. எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும். சுவிட்சில் குட்டியாக ஒரு சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகவே வரும், அதில் பெரிய ஆபத்து இல்லை. எங்கள் சுவிட்சில் இண்டிகேட்டர் இல்லை. பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே ஹோல்டர் பின்னில் டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது.

வீடு கட்டியபோது வயரிங் செய்தவர், மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயரை நேராக ஹோல்டருக்குக் கொடுத்துவிட்டு, அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைச் சுவிட்ச் வழியாக எடுத்துப் போயிருக்கிறார். லைட் எரியும், அணையும், யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் சுவிட்சை அணைத்தாயிற்று என்ற தைரியத்தில் ஸ்டூல் போட்டு ஏறுகிறவர் கை வைப்பது 230 வோல்ட் பக்கத்தில். இருபது வருடமாக அம்மா அப்படித்தான் பல்பு மாற்றியிருக்கிறார். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தார், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது நான் பல்பு மாற்றக்கூட மெயினை இறக்கிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

அதே திண்ணையில் ஐந்து மாதத்துக்கு ஒரு பல்பு போய்க்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. அழகுக்காக அதை மூடிய கண்ணாடி உருண்டைக்குள் போட்டிருந்தோம். எல்.இ.டி.யில் முதலில் சாவது பெரும்பாலும் அடிப்பக்கம் இருந்து மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்தான், சூடு வெளியேற வழியில்லாவிட்டால் அது சீக்கிரமே வெந்துபோகும். உருண்டையைக் கழற்றிவிட்டேன். பார்க்க மொட்டையாக இருக்கிறது, இருக்கட்டும்.

ஹாலில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, தட்டினால் சரியாகும். அம்மா மூன்று பல்பு மாற்றியும் தீராத வியாதி. ஹோல்டரின் ஸ்பிரிங் தளர்ந்து, பின் முனை பொரிந்து கறுத்திருந்தது. பல்பு விலையைவிட ஹோல்டர் மலிவு, ஆனாலும் நாம் பழியைப் பல்பு மேல்தான் போடுவோம்.

சமையலறையில் இன்னும் பழைய சோக் வைத்த டியூப் லைட். இரண்டு முனையும் சிவந்து நடுவில் எரியாவிட்டால் ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்துப் பாருங்கள், உடனே எரிந்தால் குற்றவாளி ஸ்டார்ட்டர். முனைகள் நன்றாகக் கறுத்துவிட்டால் டியூபுக்கே ஆயுசு முடிந்தது. மெதுவாகப் புரிகிறவனை டியூப் லைட் என்று கிண்டல் செய்வோமே, இனி வரும் பிள்ளைகளுக்கு அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைக்குப் போனால் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், பெட்டியில் வெளிச்சத்தின் அளவு லூமன் கணக்கில் போட்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்துக்குச் சுமார் 800 லூமன். நிறத்துக்குக் கெல்வின்: 2700 என்றால் மஞ்சள், 6500 என்றால் பளீர் வெள்ளை. நம்மூரில் படுக்கையறைக்கும் பளீர் வெள்ளையையே போட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்பார்கள். எனக்கு அங்கே மஞ்சள்தான்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கைவைத்தியம் வேண்டாம். மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் திடீரென்று ஓர் அறை விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்து, இன்னோர் அறையில் மங்கினால் நியூட்ரல் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் கருகிவிடும். அப்போது பல்பை ஆராய்ந்துகொண்டு நிற்காமல் மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்கள்.