தாசில்தார் ஜெர்மனி போன கதை

என் கணவருக்கு ஜெர்மனியில் வேலை உறுதியானபோது, எப்போது வந்து சேர முடியும் என்று அந்த நிறுவனத்தார் கேட்டார்கள். விசா வரும் நாள், இங்கே வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள், விமானக் கட்டணம் குறையும் நாள் என்று பலவற்றையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு ஒரு தேதியைச் சொல்வதுதான் உலக வழக்கம். எங்கள் பயணத் தேதியைத் தீர்மானித்ததோ தாசில்தாரின் இரத்தம்.

தாசில்தார் என்பது எங்கள் ஆண் பூனையின் பெயர். மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மின் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து குட்டியாகக் கிடைத்தது. எத்தனை முறை கூப்பிட்டாலும் உடனே வராமல், கூப்பிட்டவரைச் சிறிது நேரம் காக்க வைத்துவிட்டு நிதானமாக நடந்து வரும் அதன் தோரணையைப் பார்த்து என் அத்தை, அதாவது கணவரின் தாயார், வைத்த பெயர் அது. அத்தையின் தந்தை நாகப்பட்டினத்தில் வருவாய்த் துறையில் பணியாற்றியவர் என்பதால், இந்த ஒப்புமையில் எங்களுக்கு மறுப்புச் சொல்லத் தகுதியில்லை. இன்னொன்று பெண் பூனை. கறுப்பு நிறம், சிறிய உடல், பெயர் மிளகு. அது யாரையும் நம்பாது.

நாங்கள் பூனைகளையும் அழைத்துச் செல்வதாக அறிவித்ததும், பூனை வீட்டைத்தான் நம்பும், ஆளை நம்பாது, ஆகவே இரண்டையும் இங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் நியாயம் என்று அத்தை தீர்ப்பளித்தார். வீட்டையே காலி செய்துவிட்டுப் போகிறோமே, பிறகு அவை எந்த வீட்டை நம்புவது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனாலும் தீர்ப்பு திருத்தப்படவில்லை. பெரியப்பாவின் கவலை வேறு வகையானது. புறப்படும்போது பூனை குறுக்கே போனால் பயணம் கெடும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் பூனையே உடன் பயணம் செய்தால் பலன் என்னவென்று எந்தப் பஞ்சாங்கத்திலும் காணோம். இரண்டு நாள் யோசித்த பிறகு, குறுக்கே போகாமல் கூடவே வருவதால் தோஷமில்லை என்று தொலைபேசியில் அனுமதி வழங்கினார்.

பெரியப்பாவின் அனுமதியை விட ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதி கடினமானது. வெறிநோய் நிலவரத்தின் அடிப்படையில் அவர்கள் வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூரில் வாழும் பூனை தடுப்பூசிச் சான்றோடு பெரும்பாலும் சிரமமின்றிப் போய்விடும். மடிப்பாக்கத்துப் பூனையோ முதலில் மைக்ரோசிப் பொருத்திக்கொண்டு, அதன் பின்னரே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு, குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் கொடுத்து, அந்த இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருப்பதை ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகம் ஒன்றில் நிரூபித்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருந்து, அதன் பிறகுதான் விமானத்தைப் பற்றி நினைக்கவே வேண்டும். வரிசை மாறக் கூடாது. சிப் பொருத்துவதற்கு முன்பு போட்ட தடுப்பூசிகள் எத்தனை இருந்தாலும் அவை கணக்கில் வராது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டது இதே பூனைதான் என்பதற்கு என்ன சாட்சி என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போட்டுக்கொண்ட தாசில்தாரின் பழைய அட்டை முழுவதும் இந்தக் கேள்வியால் செல்லாததாயிற்று.

சிப் என்பது அரிசி மணி அளவே உள்ள ஒரு பொருள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அதில் பேட்டரி கிடையாது. கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைத் தெரிவிக்கும், அவ்வளவுதான். இதை எதிர்வீட்டு மாமாவுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூனை இப்போது எந்த மாடியில் இருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துச் சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தன் மொட்டை மாடியில் காயவைத்த வடகத்தில் யாரோ நடந்து போயிருப்பதாகவும், விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த பிறகும் குற்றவாளியைக் கண்டுபிடிக்க நான் ஒத்துழைக்க மறுப்பதாகவும் அவருக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

இரத்தம் எடுத்த கால்நடை மருத்துவர் மிளகைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். தாசில்தார் தானாகவே காலை நீட்டியது. பிரித்தெடுத்த குருதிநீர் இரண்டு சிறு குழாய்களில் குளிர்ச்சிப் பொதிக்குள் அடங்கி, ஐரோப்பாவில் உள்ள ஆய்வகத்துக்கு விமானம் ஏறியது. எங்கள் விசா விண்ணப்பம் அப்போது தூதரகத்தில் காத்துக்கிடந்தது. குடும்பத்தில் முதன்முதலாக ஐரோப்பிய மண்ணைத் தொட்டது பூனை இரத்தம் என்பதை என் கணவர் அலுவலகத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதக் காத்திருப்பு வீணாகப் போகவில்லை. அது தாசில்தாரின் உணவுக் கட்டுப்பாட்டுக் காலமாக மாறியது. பல விமான நிறுவனங்கள் பயணியின் காலடியில் பூனையை வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. நாங்கள் சென்ற விமானத்தில் பையையும் சேர்த்து 8 கிலோவைத் தாண்டக் கூடாது. பை ஒன்றேகால் கிலோ, தாசில்தார் 7 கிலோவுக்கு மேல். பூனையைத் தனியே எடை பார்க்க இயலாது. அது இயந்திரத்தில் நிற்காது. ஆகவே ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தாம் மட்டும் ஏறி நின்று, இரண்டையும் கழித்துப் பார்க்க வேண்டும். இவ்வாறாக, பல ஆண்டுகளாகத் தம் எடை 74 கிலோ என்று சொல்லி வந்த என் கணவரின் உண்மையான எடை 83 கிலோ என்பது குடும்பத்தார் முன்னிலையில் வெளிப்பட்டது. கட்டுப்பாடு இருவருக்கும் விதிக்கப்பட்டது. கணவர் நான்கு கிலோ குறைந்தார். தாசில்தார் இறங்கவே இல்லை.

காரணம் அத்தைதான் என்பது பிறகு தெரிந்தது. அளந்து வைத்த உணவைத் தின்றுவிட்டு வெறும் கிண்ணத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் பூனையைக் காணச் சகிக்காமல், ஒவ்வொரு நாள் பிற்பகலிலும் நான் உறங்கும் நேரம் பார்த்து நெத்திலிக் கருவாட்டை வறுத்துக் கொடுத்து வந்திருக்கிறார். வெளிநாடு போகிற பிள்ளையைப் பட்டினி போட்டு அனுப்புவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து கருவாட்டு டப்பா என் துணி அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டது. அதன் விளைவை என் புடவைகள் அனுபவித்தன. பூனை ஒருவழியாக ஆறரைக் கிலோவுக்கு வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எவற்றைக் கொண்டுபோகலாம் என்ற விதிகளைப் படித்தபோது ஓர் உண்மை தெரியவந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி இறைச்சியையோ பால் பொருளையோ தம்முடன் கொண்டுவரக் கூடாது. ஆகவே அத்தை காய்ச்சிய நெய்க்கும் கிளறிய பால்கோவாவுக்கும் இடமில்லை, இறைச்சி கலந்த சாதாரணப் பூனை உணவுக்கும் இடமில்லை. பூனை போகலாம், அதன் சாப்பாடு போகக் கூடாது. ஆனால் மீனுக்கு மட்டும் சலுகை உண்டு: ஒரு நபர் 20 கிலோ வரை கொண்டுபோகலாம், அதில் உலர்ந்த மீனும் அடங்கும். இதைப் படித்துக் காட்டியபோது அத்தையின் முகத்தில் தோன்றிய வெற்றிக் களிப்பை நான் வேறெப்போதும் கண்டதில்லை. ஜெர்மனியைப் பற்றி அவருக்கு அதுவரை இருந்த எல்லாச் சந்தேகங்களும் அந்த ஒரே விதியால் தீர்ந்தன.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்துக்குச் சென்றோம். ஒன்றியத்தின் எல்லையை அடைவதற்கு முந்தைய 10 நாள்களுக்குள் அரசு மருத்துவர் கையொப்பமிட்ட உடல்நலச் சான்று வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அது குளிர்காலம். சதுப்பு நிலத்தின் ஓரமாக வண்டி போகையில் கூழைக்கடாக்களும் நாரைகளும் நீரில் கூட்டமாக நின்றன; எங்கெங்கிருந்தோ எல்லைகள் தாண்டி வந்து இறங்கும் வலசைப் பறவைகளும் அந்தப் பருவத்தில் அங்கே உண்டு. அவற்றுள் ஒன்றிடமும் 15 இலக்க எண்ணோ இரத்தப் பரிசோதனை அறிக்கையோ இல்லை. பைக்குள்ளிருந்து அவற்றைப் பார்த்த மிளகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு விநோத ஒலி எழுப்பியது. நான் அதைச் சட்டம் சார்ந்த ஆட்சேபமாகவே எடுத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் படிவத்தை வாங்கிப் பார்த்தவர், ‘தாசில்தார்’ என்று எழுதியிருந்ததைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, சார் எந்தத் தாலுகா என்று என் கணவரிடம் மரியாதையாகக் கேட்டார். அது பூனையின் பெயர் என்று சொன்னபோது மரியாதை சற்றுக் குறைந்தது; சிரிப்பு கூடியது. இனம் என்ற கட்டத்தில் ‘இந்திய நாட்டுப் பூனை’ என்று எழுதினோம். இந்தப் பூனைகளை விற்பதற்கோ பிறருக்குக் கைமாற்றுவதற்கோ கொண்டுபோகவில்லை என்று நான் எழுத்து மூலம் உறுதி கூறவும் வேண்டியிருந்தது. வாங்குபவர் யாராவது இருந்தால்தானே விற்பதற்கு என்று கணவர் முணுமுணுத்தார்.

பயணத்துக்கான பைகளை மூன்று மாதத்துக்கு முன்பே கூடத்தில் திறந்து வைத்திருந்தோம், பழகட்டும் என்று. இரண்டும் அவற்றிலேயே உண்டு, உறங்கி, வாழ்ந்தன. புறப்படும் இரவில் மட்டும் தாசில்தார் பரண் மீது ஏறி, பழைய கொலுப்படிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மயக்க மருந்து கொடுத்துவிடலாமே என்று பெரியப்பா யோசனை சொன்னார். உயரத்தில் பறக்கும்போது அது மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கும் என்பதால் மருத்துவர்கள் பொதுவாக அதை விரும்புவதில்லை. எங்கள் மருத்துவரும் கூடாது என்று சொல்லியிருந்தார். கடைசியில் கருவாட்டு டப்பாவின் மூடியைத் திறக்கும் ஓசையே போதுமானதாயிற்று.

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பை எக்ஸ்-ரே இயந்திரத்துக்குள் போக வேண்டும். பூனை போகக் கூடாது. எனவே மிளகைக் கைகளில் ஏந்திக்கொண்டு, பெண்களுக்கான திரைமறைவுக்குள் சென்றேன். அங்கிருந்த பெண் காவலர் எங்கள் இருவரையும் கருவியால் தடவினார். என்னிடம் ஒலிக்காத கருவி, மிளகின் கழுத்துப் பட்டைக் கொக்கியில் ஒலித்தது. கடிக்குமா என்று இந்தியில் கேட்டார். தெரிந்தவர்களை மட்டும் கடிக்கும் என்றேன். உடனே முத்திரை குத்திக் கொடுத்தார்.

நள்ளிரவுக்குப் பின் கிளம்பிய அந்த விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டை அடையப் பத்து மணி நேரம் ஆயிற்று. என் பக்கத்து இருக்கையில், நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும் பாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். விமானம் மேலெழும்பியதும் காலடியிலிருந்து எழுந்த ‘மியாவ்’ ஓசையைக் கேட்டுக் குனிந்து பார்த்தவர், நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எலுமிச்சை ஊறுகாயையே பிடுங்கிக்கொள்வார்கள் என்று என் மருமகள் பயமுறுத்தி வைத்திருக்கிறாள். உன்னை எப்படியம்மா பூனையோடு விட்டார்கள்?” என்று கேட்டார். சிப் தொடங்கிச் சான்றிதழ் வரை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், ஊறுகாய்க்கும் இப்படி ஏதாவது சான்று வாங்கித் தர ஆள் இருக்கிறார்களா என்று விசாரித்தார்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் கடவுச்சீட்டு அதிகாரி எங்களை ஒரு நிமிடத்துக்குள் அனுப்பிவிட்டார். பூனைகளோடு சிவப்பு வழியில் சென்று சுங்க அதிகாரியிடம் அறிவித்தபோதுதான் உண்மையான சோதனை தொடங்கியது. அவர் ஒவ்வொரு தாளையும் தேதி வரிசைப்படி அடுக்கி, விரல் விட்டு நாள்களை எண்ணி, பிறகு கருவியை எடுத்தார். தாசில்தார் உடனே ஒலித்தது. மிளகு ஒலிக்கவில்லை. முதுகில் இல்லை, கழுத்தில் இல்லை. சிப் தோலுக்கடியில் சிறிது நகர்ந்துபோவதுண்டு என்று படித்திருந்தேன். படித்தது அந்த நேரத்தில் ஆறுதல் தரவில்லை. இடது தோள் கீழே இறங்கும் இடத்தில் கருவி ஒலித்தபோது, அதிகாரி என்னைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார்; கணவர் அருகிலிருந்த தள்ளுவண்டியில் உட்கார்ந்தே விட்டார்.

மைன்ட்ஸ் நகரத்தில் வீட்டைக் கொடுத்த அம்மையார் பூனைகளை ஆட்சேபிக்கவில்லை. நாயும் பூனையும் அறவே கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் பொதுவாக எழுதி வைப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மடிப்பாக்கத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு இந்தச் செய்தியை அனுப்பி வைக்கும் ஆசையை நான் அடக்கிக்கொண்டேன். அம்மையார் எச்சரித்தது சன்னல்களைப் பற்றித்தான். அங்குள்ள சன்னல்களை மேற்புறம் மட்டும் சாய்த்துத் திறக்க முடியும். அந்த இடைவெளியில் நுழைய முயன்று சிக்கிக்கொள்ளும் பூனைகள் உயிருக்கே ஆபத்தான காயம் அடைவதுண்டு. முதல் நாளே அதற்கென்று விற்கும் தடுப்பு வலைகளை வாங்கிப் பொருத்தினோம். பூனைகளோ சன்னல் பக்கமே போகவில்லை. சன்னலுக்குக் கீழே இருந்த வெந்நீர்க் கணப்பைக் கண்டுபிடித்து, வெளியே பனி பெய்கிறதா என்று கூடப் பார்க்காமல் அதன் மேலேயே குடியேறிவிட்டன.

சில வாரங்கள் கழித்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் செல்லப்பிராணி கடவுச்சீட்டு வாங்க உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் போனோம். நீல அட்டை, மேலே நட்சத்திர வட்டம், உள்ளே சிப் எண்ணும் ஊசி விவரமும். புகைப்படம் ஒட்டுவது கட்டாயமில்லை. காத்திருக்கும் காலம், மருத்துவர் எழுதி முடிக்கும் வரை. என் கணவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 2024 ஜூனுக்கு முன்பு அது எட்டாக இருந்தது. அவர் அந்த நீலப் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்த விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இனம் என்ற கட்டத்தில் மருத்துவர் எங்களைக் கேட்காமலேயே ‘ஐரோப்பியக் குட்டை முடி’ என்று எழுதியிருந்தார். சாதாரண வீட்டுப் பூனைகளை அங்கே பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். மடிப்பாக்கத்து மீட்டர் பெட்டிக்குப் பின்னால் பிறந்த தாசில்தார் ஒரு பேனாக் கோட்டில் ஐரோப்பிய வம்சத்தில் சேர்ந்துவிட்ட செய்தியை அன்றிரவே காணொலி அழைப்பில் அத்தைக்குச் சொன்னோம். சிறிது நேரம் திரையில் பூனையையே உற்றுப் பார்த்தவர், “அப்படியானால் இனிமேல் அதற்குக் கருவாடு ஒத்துக்கொள்ளுமா?” என்று கவலையோடு கேட்டார்.