பரந்தூரும் எங்கள் தோட்டமும்: கோலாலம்பூர் நாட்குறிப்பு

14 ஜனவரி 2025, செவ்வாய்

ஏகனாபுரம் பற்றிய செய்திகளை இனி இங்கே எழுதி வைக்கப் போகிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டுமாம். ஏகனாபுரம் மொத்தமாகவே போய்விடும். வயல், வீடு, ஏரி எதுவும் மிஞ்சாது. அந்த ஊர்க்காரர்கள் பகல் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலமானால் ஒன்றுகூடிப் போராடுகிறார்கள். இரண்டரை வருடமாகிறது. போன வருட நாடாளுமன்றத் தேர்தலில் ஊரே ஓட்டுப் போடப் போகவில்லை.

எனக்கு அங்கே சொந்தபந்தம் யாரும் இல்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக மலேசியா. ஆனால் நான் பிறந்தது சிப்பாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். இன்று அந்தப் பக்கம் போனால் கே.எல்.ஐ.ஏ. எனும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்து விமானங்கள்தான் தலைக்கு மேல் போகின்றன. அதனால் இந்தச் செய்தியை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

20 ஜனவரி, திங்கள்

நடிகர் விஜய் இன்று பரந்தூர் மக்களைப் பார்க்கப் போயிருந்தார். விமான நிலையமே வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த இடத்தில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன் என்றார். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் எல்லோர் கைபேசியிலும் அதே காணொளி.

கடையில் பரிமாறும் தம்பி அந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்று இன்றுதான் தெரிந்தது. "சந்தோஷம்தான் அக்கா. ஆனா எங்க அம்மாவுக்கு நிலம் கிடையாது. அடுத்தவங்க கழனியில நாத்து நடுறாங்க. கழனி போச்சுன்னா நிலத்துக்காரனுக்குப் பணம் வரும். அம்மாவுக்கு என்ன வரும்?" என்று கேட்டார். தலைவர்கள் வருவது நல்லதுதான், வரட்டும். ஆனால் இந்தக் கேள்வியை யாராவது மேடையில் கேட்க வேண்டும்.

26 ஜனவரி, ஞாயிறு

சிப்பாங் வட்டாரத்து டெங்கில் ஊருக்குப் போய்ப் பெரியம்மாவைப் பார்த்தேன். கடைத் தம்பி கேட்டதைச் சொன்னதும், "நம்ம கதைதான்" என்றார். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை.

கே.எல்.ஐ.ஏ.வுக்கு ஒதுக்கிய நிலம் 10,000 ஹெக்டர். பெரும்பாலும் கித்தா என்கிற ரப்பர் தோட்டமும் செம்பனைத் தோட்டமும். விமான நிலையத்தை 1998 ஜூனில் திறந்தார்கள். அதே காலத்தில்தான் பக்கத்தில் அரசாங்க நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்தது. அதற்காகப் பிராங் புசார் உட்பட நான்கு தோட்டத்து மக்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். தரை வீடு வரும் என்று அவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அந்த மண்ணில் ஒரு அடிகூட எங்கள் பெயரில் இல்லை. பாட்டி காலத்திலிருந்து பால்மரம் சீவியவர்கள், ஆனால் சட்டப்படி நாங்கள் குடியிருந்தவர்கள் மட்டும்தான். பெரியம்மா நான்கு மாடு வளர்த்தார். லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் முருங்கையும் இருந்தன. கையில் வந்த நஷ்ட ஈட்டுக் கணக்கில் மாட்டுப் பால் வருமானம் இல்லை, தோட்டத்துக் கீரை இல்லை, கோயில் இல்லை. வேலை செய்த வருடங்கள் மட்டும்தான் இருந்தன. மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாயால் சொன்னார்கள். மூன்றாவது மாடிக்கு மாட்டைக் கொண்டு போக முடியுமா? கிடைத்த விலைக்கு விற்றார்.

பெரியம்மா சொன்னார்: "மாடி ஏறி வந்தப்புறம் யாரு நம்மகிட்ட வந்து பேசுவா? லயத்துல இருந்த வரைக்கும்தான் ஐயா வாங்க, அம்மா வாங்கன்னு கூப்பிட்டுப் பேசுனாங்க."

ஏகனாபுரத்துக்காரர்கள் நகர மாட்டோம் என்று உட்கார்ந்திருப்பது ஏன் சரி என்பதற்கு, இதைவிடத் தெளிவான காரணத்தை நான் கேட்டதில்லை.

12 பிப்ரவரி, புதன்

நேற்று பத்துமலையிலிருந்து திரும்பும் வழியில் மகனோடு வாக்குவாதம். "மீனம்பாக்கத்துல இடமே இல்லம்மா. ஒரு பக்கம் ஊரு, ஒரு பக்கம் அடையாறு. எங்கேதான் கட்டுவாங்க?" என்கிறான்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் தேவைதான். ஆனால் பரந்தூர் தண்ணீர் ஓடுகிற பூமி. அந்த இடத்தின் குறுக்கே கம்பன் கால்வாய் போகிறது, ஏரிக்கு ஏரி தண்ணீர் கொடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரைக்கும். ஏரிகளை மூடி ஓடுபாதை போட்டால் மழைக்காலத்தில் அந்த நீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஓடுபாதையில் தண்ணீர் நின்று மீனம்பாக்கத்தையே நாள்கணக்கில் மூடினார்கள். அதைப் பார்த்த பிறகும் ஏரிகள் நிறைந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மகன் பதில் சொல்லவில்லை. கோபம் இல்லை, யோசிக்கிறான்.

13 ஏப்ரல், ஞாயிறு

பரந்தூர் விமான நிலையத்துக்கு மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. தம்பி கடையில் முகம் கொடுத்தே பேசவில்லை.

நிலத்தைத் தமிழ்நாட்டின் 1997ஆம் வருடத் தொழில் நிலச் சட்டத்தின்படி எடுக்கிறார்கள். 2013ஆம் வருட மத்தியச் சட்டத்தின்படி எடுத்தால், திட்டத்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று முதலில் சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும். நிலமில்லாத கூலிக்காரரும் அந்தக் கணக்கில் வருவார். அதைத் தாண்டிப் போக வழி வைத்திருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

12 ஜூலை, சனி

விமான நிலையத்துக்காக வாங்கும் நிலத்தின் முதல் பத்திரப்பதிவு நடந்திருக்கிறது. 17 ஏக்கர் சொச்சம். விற்றவர்களைத் திட்டிச் சிலர் எழுதுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். கடன் இருக்கும், கல்யாணத்துக்குப் பெண் இருக்கும், யார் கண்டது.

எனக்குக் கவலை தம்பியின் அம்மாவைப் பற்றித்தான். இன்று பெரியம்மாவைக் கைபேசியில் தம்பியோடு பேச வைத்தேன். பெரியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். உங்க அம்மா பேரு எந்தக் கணக்குலயாவது இருக்கா? மாத்து வீடு எந்த ஊருல, யாரு பேருல? மாடு கட்ட இடம் உண்டா? எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கா? தம்பி பில் போடும் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஊருக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதாக அம்மா சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் கூடப் போகிறார்களாம்.